இடுப்பு நரம்பைச் சுடுவது: செய்யலாமா, வேண்டாமா?

2024 பெப்ரவரி 11 – அப்புத்தளையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

அம்மாவுக்கு 53 வயசு. 30 வருஷமா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. நாலு வருஷமா இடுப்பு வலி. எக்ஸ்ரே, மாத்திரை, எண்ணெய், பெல்ட் எல்லாம் பார்த்தாச்சு. இப்ப டவுன்ல ஒரு டொக்டர், இடுப்புல நரம்பைச் சுட்டா வலி போயிரும், ஆஸ்பத்திரியில தங்கவும் தேவையில்லன்னு சொல்றார். லயத்துல, எங்க தோட்டத்து வரிசை வீடுகள்ல, எல்லாரும் நரம்பைச் சுட்டா கால் இழுத்துக்கும், அப்புறம் படுத்த படுக்கைதான்னு பயம் காட்டுறாங்க. செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? செய்யலாமா?

2024 பெப்ரவரி 12, காலை

நான் செய்துகொண்டவள். போன வருஷம் ஆகஸ்ட்டில், கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வலி கிளினிக்கில். எனக்கு வயது 44. பதினெட்டு வயதிலிருந்து 13 வருஷம் பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து எடுத்தேன். இப்போது தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். கால் இழுக்கவில்லை, படுக்கையில் விழவும் இல்லை. நேற்று ஹட்டனிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

லயத்தில் பயம் காட்டுகிறவர்கள் மேல் கோபப்படாதே தம்பி. சுடுகிறது என்றதும் நம் ஆட்களுக்குப் பழைய சூடு வைக்கிற வைத்தியம்தான் ஞாபகம் வரும். என் அம்மாவும் "கம்பியக் காய்ச்சியா வைப்பாங்க?" என்றுதான் கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு, "சூட்டுல நரம்பு சாகும்னா, அம்பது வருஷமா அடுப்படியில நிக்கிற எனக்கு ஒரு நரம்பும் மிஞ்சியிருக்காதே" என்று சிரித்தார்.

இது வேறு. மெல்லிய ஊசி, நுனி மட்டும் சூடாகும். 80 பாகை வரைக்கும் ஏற்றி, ஒன்று ஒன்றரை நிமிஷம் வைத்திருப்பார்கள். எனக்கு நாலு இடத்தில் செய்தார்கள்.

செய்யலாமா என்று நீ கேட்டதற்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அம்மாவுக்குச் சோதனை ஊசி போட்டார்களா?

2024 பெப்ரவரி 12, இரவு

சோதனை ஊசி என்றால் என்னவென்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்பும் அடுத்த எலும்போடு முன்பக்கம் டிஸ்க் என்கிற மெத்தை மாதிரியான வட்டாலும், பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டுகளாலும் கோர்த்திருக்கிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. முழங்கால் தேய்வது மாதிரி இந்த மூட்டுகளும் தேயும், வீங்கும், வலிக்கும். அந்த வலியை மூளைக்குக் கொண்டுபோவது நூல் மாதிரி ஒரு நரம்புக் கிளை. சுடுவது அதைத்தான். காலுக்குப் போகிற பெரிய நரம்பு வேறு வழியாக, முன்பக்கமாக இறங்குகிறது. அதைத் தொடக்கூடாது. கால் இழுக்கும் என்று லயத்தில் சொல்வது அந்தப் பெரிய நரம்பை நினைத்துத்தான். பயம் அர்த்தமில்லாதது இல்லை, ஆனால் இது அந்த நரம்பு இல்லை.

இடுப்பு வலி எல்லாம் இந்த மூட்டிலிருந்தே வருவதில்லை. டிஸ்க்கிலிருந்து வரலாம், தசையிலிருந்து வரலாம், இடுப்பெலும்பு மூட்டிலிருந்து வரலாம், வேறு காரணமும் இருக்கலாம். எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் அந்த நரம்புக் கிளைக்குப் பக்கத்தில் அரை மில்லிலீட்டர் அளவு மரப்பு மருந்து போட்டுப் பார்க்கிறார்கள். சில மணி நேரத்துக்கு வலி நன்றாகக் குறைந்தால், வலி வரும் வழி இதுதான் என்று ஒரு சாட்சி கிடைக்கிறது. குறையாவிட்டால் அங்கே சுட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

எனக்கு 2023 ஜூன் மாதம் போட்டார்கள். விடிய நாலரை பஸ். போட்டு முடிந்ததும் ஒரு தாளைக் கையில் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தடவை வலிக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் எழுதச் சொன்னார்கள். நான் பேசாமல் வாங்கில் உட்காரப் போனேன். நேர்ஸ் விடவில்லை. வலி வருகிற வேலையைச் செய்தால்தானே தெரியும் என்றார். ஆஸ்பத்திரிப் படியில் ஏறி இறங்கினேன், ஏறி இறங்கினேன். குந்தி எழும்பினேன். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையைத் தாயிடம் கேட்டு வாங்கித் தூக்கிப் பார்த்தேன். காலையில் எட்டு எழுதியிருந்தேன். அப்போது எழுதியது ஒன்று. பத்து வருஷத்தில் அப்படி ஒரு இலக்கம் எழுத முடிந்த நாள் அதுதான். தாளைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டி பஸ் கினிகத்தேனைக்கு ஏறத் தொடங்கியதும் வலியும் ஏறியது. ஐந்து, ஆறு, ஹட்டனில் ஏழு. மருந்து தீர்ந்ததும் வலி திரும்ப வேண்டும், அதுதான் சரியான அடையாளம் என்று பிறகு டொக்டர் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் அது எனக்குத் தெரியாது.

2024 பெப்ரவரி 14

ஒரு திருத்தம். நாலு இடம் என்று எழுதியிருந்தேன். ஆறு இடம். என் அண்ணன் மகள் பேராதனையில் படிக்கிறாள். அவள் கிளினிக் கொப்பியைப் பார்த்துச் சொன்னாள். ஒரு மூட்டுக்கு ஒரு நரம்பு என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு மூட்டுக்கும் மேலிருந்து ஒன்றும் அதே மட்டத்திலிருந்து ஒன்றுமாக இரண்டு கிளைகள் வருகின்றன. கீழே இரண்டு மூட்டுகளுக்கு ஒரு பக்கத்தில் மூன்று கிளைகளைச் சுட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஆறு. ஒன்றை விட்டாலும் வலிக்கு வழி மிச்சம் இருக்கும்.

2024 பெப்ரவரி 18

சுட்ட நாளைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

குப்புறப் படுக்க வைத்தார்கள், வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. தொடையில் ஜில்லென்று ஒரு தகடு ஒட்டினார்கள். மின்சாரம் திரும்பிப் போக அது தேவையாம். மயக்கம் கொடுப்பதில்லை, நாம் விழித்திருந்து பதில் சொல்ல வேண்டும். தோலை மரக்க வைக்கிற ஊசி எரிந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிறகு எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கினார்கள்.

சுடுவதற்கு முன் இரண்டு சோதனை. முதலில் மெல்லிய கரண்ட். இடுப்பில் நமக்குப் பழக்கமான அதே இடத்தில் ஒரு அழுத்தம் தெரிய வேண்டும். அடுத்தது துடிக்கிற கரண்ட். அதில் முதுகுச் சதை துள்ளலாம், கால் துள்ளக்கூடாது. டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: "கொந்தட விதரத, ககுலட யனவத?" இடுப்புக்கு மட்டுமா, காலுக்குப் போகிறதா? ஐந்து இடத்தில் இடுப்புக்கு மட்டும் என்றேன். ஆறாவது இடத்தில் தொடைப் பின்பக்கம் ஏதோ ஓடியது மாதிரி இருந்தது. "ககுலட்ட, ககுலட்ட" என்று கத்திவிட்டேன். உடனே நிறுத்தி, ஊசியை வெளியே இழுத்து, வேறு கோணத்தில் இறக்கி, திரும்பவும் கேட்டார். இந்த முறை காலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் சுட்டார்.

அந்த ஒரு சொல்லை நான் சரியாகச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மாலை வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் முந்தியதைவிட வலி. வெயிலில் கருகிய தோல் மாதிரி இடுப்பு முழுக்க ஒரு எரிவு, பாவாடை நாடா படக்கூடாது. மூன்றாம் வாரம் ஒரு காலையில் எழும்பி முகம் கழுவிய பிறகுதான் கவனித்தேன், சுவரைப் பிடிக்காமல் குனிந்திருக்கிறேன்.

2024 பெப்ரவரி 19

டவுன் டொக்டர் சோதனை ஊசி இல்லாமல் நேரே செய்யலாம் என்றாராமே. எனக்கும் ஒரு தனியார் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு செலவு எதற்கு, ஒரே செலவாக முடியுங்கள் என்றார்கள். கேட்ட தொகை என்னுடைய ஆறு மாதச் சம்பளம். நகையை அடகு வைக்கக்கூட யோசித்தேன். நல்லவேளை வைக்கவில்லை.

இங்கிலாந்தில் 2016-இல் எழுதிய வழிகாட்டியை அண்ணன் மகள் வாசித்துக் காட்டினாள். மற்ற வைத்தியம் பலன் தராமல் இருக்க வேண்டும், வலி பத்துக்கு ஐந்தோ மேலேயோ இருக்க வேண்டும், சோதனை ஊசியில் பலன் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சுடுவதைப் பற்றி யோசிக்கலாம். சோதனை ஊசியும் சில பேருக்குப் பொய்யாகப் பலன் காட்டும். அதனால் சில இடங்களில் இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு தடவைகூடப் போடாமல் சுடச் சம்மதிக்காதே.

2024 மார்ச் 3

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அக்கா, தன் கணவருக்கு டிஸ்க் ஒபரேஷன் செய்தும் இடுப்பு வலி அப்படியே இருக்கிறது, எல்லாம் ஏமாற்று என்று எழுதியிருக்கிறார். அக்கா, அவருக்குக் கால் வலி போனதா? போயிருந்தால் ஒபரேஷன் தன் வேலையைச் செய்துவிட்டது. பிதுங்கிய டிஸ்க்கை எடுப்பது பெரும்பாலும் கால் வலிக்காகத்தான். இடுப்பு வலிக்கு அதில் அவ்வளவு உத்தரவாதம் இல்லை. இதை முதலிலேயே அவருக்குச் சொல்லாதது பெரிய பிழை.

எம்.ஆர்.ஐ படத்தில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தும் பதற வேண்டாம். 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இடுப்பு வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 100 பேரில் 80 பேருக்கு டிஸ்க் தேய்வு, 60 பேருக்குப் பிதுக்கம். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

2024 மார்ச் 4

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். இரண்டு தொடைக்கும் நடுவில், மலசலகூடத்தில் குந்தும்போது கீழே பார்க்கிற பகுதி மரத்துப் போனால், சிறுநீர் வருவதோ போவதோ தெரியாமல் போனால், இரண்டு காலும் திடீரென்று பலமில்லாமல் போனால், கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, இரவென்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது கால், சிறுநீர், மலம் எல்லாவற்றுக்கும் போகிற நரம்புக் கட்டு நசுங்குகிற அடையாளம். மணித்தியாலங்கள் முக்கியம். தோட்டத்து லொறியாக இருந்தாலும் பிடித்துக்கொண்டு போங்கள்.

2024 ஏப்ரல் 21

புதுவருஷ லீவில் அண்ணன் மகள் வந்திருந்தபோது இந்தச் சுடுகிற வைத்தியத்தின் பழைய கதையைச் சொன்னாள். 1971-இல் ஆஸ்திரேலியாவில் ரீஸ் என்று ஒரு டொக்டர், நீளமான மெல்லிய கத்தியை முதுகில் இறக்கி இந்த நரம்பை அறுக்கிறேன் என்று நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்தார். ஏறக்குறைய எல்லாருக்கும் குணம் என்று எழுதினார். அதைப் பார்த்து அமெரிக்காவில் ஷீலி என்பவர் கத்திக்குப் பதிலாகச் சூடாகும் ஊசியைக் கொண்டுவந்தார். 1979-இல் போக்டுக், லாங் என்ற இரண்டு பேர் உடற்கூறைத் திரும்ப அளந்து பார்த்து, நரம்பு இருக்கிற இடமே இவர்கள் நினைத்த இடம் இல்லை என்று காட்டினார்கள். ரீஸின் கத்தி அவ்வளவு ஆழத்துக்கு எட்டவே எட்டாது.

அப்படியென்றால் குணமானவர்கள் எப்படிக் குணமானார்கள்? கேட்டேன். "அத்தை, அதுதான் கேள்வி" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னுடையதும் அப்படித்தானோ?

2024 ஜூன் 27

வலி திரும்பிவிட்டது.

2024 ஜூன் 30

அன்று அதற்கு மேல் எழுத மனமில்லை. பத்து மாதம் ஓடியிருந்தது. இந்த நரம்பு திரும்ப வளரும். ஆறு மாதத்திலும் வளரலாம், ஒரு வருஷம் தாண்டியும் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. பெப்ரவரியில் இங்கே எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். குணமாகிவிட்டது என்று எங்கும் நான் எழுதவில்லை. ஆனால் வாசித்தவர்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். அதைத் திருத்துகிறேன்: இது குணம் இல்லை, தவணை.

மழை விடாமல் பெய்கிறது. இந்த மாதத்தில் கொழுந்து எடுத்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. இடுப்பில் கட்டிய படங்கு, அந்தத் தடித்த துணி, நனைந்தால் அதுவே ஒரு சுமை. கூடைக் கயிறு உச்சந்தலையில். நனைந்த கொழுந்து கனக்கும், மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், நிறுக்கும்போது தண்ணிக்கென்று கழித்துவிடுவார்கள். கழித்த கிலோவையும் என் இடுப்புத்தானே சுமந்து வந்தது. 31 வயதில் பாரமில்லாத வேலை தரச் சொல்லிக் கேட்டேன். நான் இருந்த தோட்டத்தில் முடியாது என்றார்கள். பேர், அதாவது நாள் சம்பளம், வேண்டுமென்றால் மலைக்குப் போ, இல்லாவிட்டால் வீட்டில் இரு. வீட்டில் இருந்தேன். அந்த இடுப்புத்தான் இது.

2024 ஜூலை 14

ஒரு யோசனை. அந்தப் பத்து மாதத்தில் நான் வேறு என்னென்ன செய்தேன்? பிசியோ மிஸ் சொல்லித் தந்த பயிற்சி. பழைய படங்கைச் சீமெந்துத் தரையில் விரித்து, கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டிப் பத்து எண்ணுவது. பிறகு மாற்றி. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. சுட்ட நரம்புக் கிளைதான் முதுகெலும்பை ஒட்டின சதைக்கும் போகிறது, அதனால் அந்தச் சதை தளராமல் பார்க்க வேண்டும் என்று சொன்னார். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். வலி இல்லாததால் மார்ச் மாதத்தோடு மெதுவாக விட்டுவிட்டேன்.

ஜூனில் வலி வந்தது.

நரம்பு வளர்ந்ததால் வந்ததா, பயிற்சியை விட்டதால் வந்ததா? இரண்டுமா?

2024 ஜூலை 15

நேற்று எழுதியதை அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். நெதர்லாந்தில் செய்து 2017-இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னாள். மூன்று பகுதி, மொத்தம் 681 பேர். பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், மறு பாதிக்குப் பயிற்சியோடு சுடுவதும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆட்களைத் தெரிவு செய்தது சரியில்லை, சோதனை ஊசியைக் கடுமையாகப் பார்க்கவில்லை என்று எதிர்த்து எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குப் படுவது இது. சுடுவதற்கு முன் என்னால் அந்தப் பயிற்சியைச் செய்யவே முடியவில்லை. முழங்கால் ஊன்றினாலே கண்ணில் தண்ணி வரும். வலி அடங்கின பிறகுதான் செய்தேன். ஊசி இல்லாமல் அந்த ஆறு மாதப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாமல் அந்தப் பத்து மாதம் வந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பயிற்சியைத் திரும்பத் தொடங்கிவிட்டேன், அழுதுகொண்டுதான்.

2024 ஓகஸ்ட் 4

பெல்ட் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. என்னிடம் இரண்டு இருக்கிறது, இரண்டும் ஹட்டனில் வாங்கியது. நீண்ட நாள் இடுப்பு வலிக்குப் பெல்ட்டும் இழுவை வைத்தியமும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், தேவைப்பட்டால் மனநல உதவி என்பதுதான் அவர்களின் வழி. இரண்டு பெல்ட்டும் இப்போது முன்பள்ளியில் கதவுக்கும் பலகைக்கும் கட்டக் கிடக்கின்றன.

2024 செப்டெம்பர் 22

அப்புத்தளைத் தம்பி எழுதியிருக்கிறான். டவுன் டொக்டரை விட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மாதம் காத்திருந்து, அம்மாவுக்குச் சோதனை ஊசி போட்டிருக்கிறார்கள். பலன் இல்லை. காலையில் ஏழு, ஊசிக்குப் பிறகும் ஏழு. "நீங்க சொன்னதை நம்பித்தான்கா இவ்வளவு நாள் ஓடினேன்" என்று எழுதியிருக்கிறான்.

தம்பி, உன் வேதனை புரிகிறது. ஆனால் அந்த ஏழு உன் அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நரம்பு குற்றவாளி இல்லை. அன்றைக்குக் கேட்காமலே சுட்டிருந்தால், காசும் போய், வலியும் இருந்து, அதற்குப் பிறகு யாரும் வேறு காரணத்தைத் தேடியிருக்கமாட்டார்கள்.

2024 செப்டெம்பர் 23

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், மனசு கேட்கவில்லை. பெப்ரவரியில் நான் அவனிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். அம்மாவுக்கு வலி எங்கே, எப்போது, எப்படி என்று கேட்கவே இல்லை. என் வலியை வைத்து அவர் வலியை அளந்துவிட்டேன்.

தம்பி, அம்மாவிடமே கேட்டுச் சொல். எப்போது கூடும்? எப்போது குறையும்? அவர் சொல்கிற சொல்லையே எழுது.

2024 செப்டெம்பர் 25

அவன் எழுதியதை அப்படியே போடுகிறேன் (பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம்): "அம்மா சொல்றாங்க, வலிக்கிறதுன்னு இல்ல, கால் கனக்குது, விறைக்குது. காலையில பெரட்டுல நிமிர்ந்து நிக்கும்போது ரெண்டு காலும் ஈயக்குண்டு மாதிரி. மலையில ஏறும்போது பரவாயில்ல, இறங்கும்போது முடியல. கல்லுல குனிஞ்சு உக்காந்தா அஞ்சு நிமிசத்துல போயிருது."

அண்ணன் மகளுக்கு இதைப் போனில் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்குகிற குழாய் ஒடுங்கியிருக்கலாம், நிமிர்ந்தால் இன்னும் ஒடுங்கும், குனிந்தால் விரியும். ஏறும்போது நாம் குனிகிறோம், இறங்கும்போது நிமிர்கிறோம். அவள் டொக்டர் இல்லை, நானும் இல்லை. ஆனால் தம்பி, இந்த வரிகளைச் சிங்களத்தில் எழுதி அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போ.

நாலு வருஷமாக அந்த அம்மா கிளினிக்கில் "இடுப்பு வலி" என்று இரண்டு சொல் மட்டும் சொல்லியிருக்கிறார். பெரட்டுக்களத்தையும் கல்லையும் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 8

தம்பி அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தாயிற்று. இரண்டு இடத்தில் ஒடுக்கம். பின்பக்க எலும்பைச் செதுக்கி நரம்புக்கு இடம் விடுகிற ஒபரேஷனுக்குப் பேர் பதிந்திருக்கிறார்கள். நரம்பைத் தொடமாட்டார்கள், அதைச் சுற்றி அமுக்குவதை எடுப்பார்கள்.

சிவனொளிபாதமலைப் பருவம் அடுத்த வாரம் தொடங்குகிறது. ஒரு தங்கச்சி, சுட்ட பிறகு மலையேறலாமா என்று கேட்டிருக்கிறார். நான் 2024 ஜனவரியில், வலி இல்லாத மாதத்தில், நல்லதண்ணியிலிருந்து ஏறினேன். ஏறியது பெரிதாகத் தெரியவில்லை. இறங்கும்போது இந்திக்கட்டுப்பானை வரைக்கும் கைப்பிடியை விடவில்லை. உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

2025 மார்ச் 2

பெப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் புது வழிகாட்டி வந்திருக்கிறது. நீண்ட நாள் முதுகு வலிக்கு மூட்டு நரம்பைச் சுடுவது, முதுகில் ஸ்டீரொய்ட் ஊசி போடுவது போன்றவை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லியிருக்கிறார்கள். வலி டொக்டர்மார் சங்கங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் 2016 வழிகாட்டி யோசிக்கலாம் என்கிறது, இது வேண்டாம் என்கிறது.

இதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான் இங்கே எழுதியதைப் பார்த்துப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதனால் இதையும் இங்கே எழுதுகிறேன். என் பத்து மாதம் பொய்யில்லை. அந்த மாதங்களில் முன்பள்ளிப் பிள்ளைகளைத் தூக்கினேன், போன மாசிக் காமன் கூத்தில் விடிய விடியத் தரையில் உட்கார்ந்து தப்புச் சத்தம் கேட்டேன். ஆனால் ஒருத்தியின் பத்து மாதத்தை வைத்து இன்னொருத்தர் நகை அடகு வைக்கக்கூடாது.

2025 ஜூலை 20

இரண்டாவது தடவைக்குத் திகதி வந்தது. புதிதாகச் சோதனை ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னேன், போட்டார்கள். ஆறு நாலானது, அதற்குக் கீழே இறங்கவில்லை. முதல் தடவை எழுதிய அந்த "ஒன்று" என்ற இலக்கம் வரவில்லை. டொக்டர் பொறுமையாகப் பேசினார்: செய்யலாம், ஆனால் முதல் தடவை மாதிரி எதிர்பார்க்க வேண்டாம், முடிவு உங்களுடையது.

வேண்டாம் என்றேன். படங்கும் பயிற்சியும் இருக்கிறது. ஆறு என்றால் தாங்குகிறேன். எட்டானால் திரும்பப் போவேன்.

2025 ஓகஸ்ட் 17

தம்பி எழுதியிருக்கிறான். ஒபரேஷன் முடிந்து ஐந்து மாதம். அம்மா இன்னும் வேலைக்குப் போகவில்லை, இடுப்பில் பழைய உளைச்சல் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் போன ஞாயிறு லயத்திலிருந்து மடுவம் வரைக்கும், இறக்கத்தில், எங்கும் உட்காராமல் இறங்கிப் போய் வந்திருக்கிறார்.

இதற்கிடையில் அண்ணன் மகளும் நானும் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். இடப்பக்கம் நம் சொல், வலப்பக்கம் அதற்குச் சிங்களச் சொல் தமிழ் எழுத்தில். வலிக்குது என்றால் ரிதெனவா. எரியுது என்றால் தனவா. விறைக்குது என்றால் ஹிரிவெட்டெனவா. கடுப்பு, உளைச்சல், குத்து, பிடிப்பு, இழுப்பு இவற்றுக்குச் சரியான சொல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கனக்குது" என்பதையும் சேர்த்தாயிற்று, அது தம்பி அம்மாவுடையது. உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இடுப்புக்கும் காலுக்கும் வேறு என்ன சொல் சொல்கிறீர்கள், எந்த வேலையில் அது வருகிறது என்று எழுதுங்கள். முடிந்ததும் தாளை இங்கேயே போடுகிறேன், அச்சடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம்.